பழையதில் என்ன இழிவு?

பழையது என்றவுடன் முகம் சுளிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் மெல்லப் புகுந்துவிட்டது. இரவில் மிஞ்சிய சோற்றுக்கு நீர் ஊற்றி வைக்கும் தாய், காலையில் அதைத் தான் மட்டும் அடுப்பங்கரையில் அமர்ந்து உண்கிறாள். பிள்ளைகளுக்கு இட்டலி வார்க்கிறாள். விருந்தினர் வந்துவிட்டாலோ, சட்டியையே மறைத்து வைக்கிறாள். இந்த நாணம் தேவைதானா?

கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்தில் ஒருபுறம் அணுசக்தித் துறையின் குடியிருப்பு. மறுபுறம் மீனவர் குப்பம். குடியிருப்பில் பல மாநிலத்தவரும் வாழ்வதால் காலை உணவும் பலவகை. குப்பத்திலோ, கடலில் உழைப்போரைக் காலங்காலமாகத் தாங்கி வந்தவை பழைய சோறும் கேழ்வரகுக் கூழுமே. கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யுடன் சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் மோரில் கரைத்து, சுட்ட கருவாட்டுடன் அருந்துவர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை.

நேற்றைய உணவை மெக்சிகோ நாட்டினர் எவ்வாறு போற்றுகின்றனர் என்பதை இங்கே நினைவுகூரலாம். அவர்களுக்குச் சோறு போன்றது 'தொர்த்தியா' எனப்படும் மக்காச்சோள அடை. முதல்நாள் மிஞ்சிக் காய்ந்துபோன அடைகளைத் துண்டாக்கிப் பொரித்து, மிளகாயும் தக்காளியும் அரைத்த சாற்றில் புரட்டி, மேலே பாலாடைக்கட்டியும் வெங்காயமும் தூவினால் அது 'சிலாக்கிலேஸ்'. ஏழையின் குடிசையிலும் பெரிய உணவு விடுதியிலும் அதுவே காலை உணவு. அதை எவரும் ஒளித்து வைத்து உண்பதில்லை! அதன் பச்சைச் சாற்றுக்குப் பயன்படும் தோல் மூடிய காய், நம் வேலியோரத்துச் சொடக்குத் தக்காளியின் இனத்தைச் சேர்ந்தது. நாம் பழையதுக்குக் கடித்துக்கொள்ளும் மிளகாயும் அந்த மண்ணில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்ததே.

அந்த அடைக்குப் பின்னே பேரறிவு ஒன்று உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் நீங்கக் கழுவிய பின்னரே அரைப்பர். தானியத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுசென்றனர், சுண்ணாம்பை விட்டுவிட்டனர். விளைவாக, சோளத்தையே நம்பிய ஏழைகளைப் பெலாக்ரா என்னும் கொடிய நோய் பற்றியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கி ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அமெரிக்காவில் 1914 முதல் இதை ஆராய்ந்த மருத்துவர் கோல்ட்பெர்கர், இது தொற்றுநோயன்று, உணவுக் குறைவே என்று நிறுவினார். குறைந்த சத்து நியாசின் என்பது 1937இல்தான் தெளிவாயிற்று. ஊறவைக்கும் அந்த ஓர் இரவை மூடப்பழக்கம் என எண்ணியதற்கு எத்தனை பெரிய விலை!

நம் சட்டியிலும் இரவில் வேலை நடக்கிறது. நீரில் ஊறும் சோற்றில் நுண்ணுயிர்கள் பெருகி இலேசான புளிப்பை உண்டாக்குகின்றன. தானியத்தில் கட்டுண்ட இரும்புச்சத்து உடலில் சேரும் நிலைக்கு வருகிறது. பழையதில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகுகிறது என்று சிலர் சொல்லித் திரிகின்றனர். புளிப்பு இரும்பைப் படைக்காது. இருப்பதை விடுவிக்கும், அவ்வளவே. வீண் புகழ்ச்சி பழையதுக்குத் தேவையில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அண்மை ஆண்டுகளில் குடல் நோயாளிகளைக் கொண்டு இதனை முறையாக ஆராயத் தொடங்கியிருப்பதே போதுமான மதிப்பு.

ஆனால் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடித்த சோற்றை நெடுநேரம் திறந்தபடி விட்டு, தூங்கப் போகுமுன் நினைவு வந்து நீர் ஊற்றுவது தவறு. அதற்குள் நச்சுக் கிருமிகள் பெருகிவிடலாம். சோறு ஆறியவுடன், காய்ச்சி ஆறிய நீரைச் சோறு மூழ்கும் வரை ஊற்றி, மண்சட்டியில் மூடி வையுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் புளிக்காது. காலையில் நூலாக இழுத்தாலோ, கெட்ட வாடை வீசினாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். நீரிழிவு உள்ளோர்க்குப் பழையதும் அரிசிச் சோறே, அளவு வேண்டும். மற்றவர்க்கு உப்பும் மோரும் இட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயமும் கருவாடும் அருகில் வைத்தால், பிள்ளைகளை இரண்டாம் முறை அழைக்க வேண்டியிராது. தாயும் அவர்களோடு ஒரே பந்தியில் அமரலாம்.