மகாநதி: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

1994 பொங்கலுக்குக் கமல்ஹாசனின் மகாநதி படம் திரைக்கு வந்தபோது நம்ம பெரம்பலூர், அரியலூர் என்ற மாவட்டங்களே கிடையாது, தெரியுமா? ரெண்டும் திருச்சி மாவட்டத்துக்குள்ளேதான் இருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் பிரிந்து, மறுபடி சேர்ந்து, நிலையாகத் தனி மாவட்டமானது 2007இல்!

படத்தின் கதாநாயகன் கிருஷ்ணசாமி கொள்ளிடத்தில் நமக்கு எதிர்க்கரைக்காரர், தெரியுமா? ஊர் கும்பகோணம் பக்கம். அங்கிருந்து சென்னைக்கு பஸ் ஏறினால் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, நம்ம மீன்சுருட்டி வழியாகத்தான் போகணும்!

படத்தில் எத்தனை நதிகள் நடமாடுகின்றன, எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? அப்பா கிருஷ்ணா, மகள் காவேரி, மகன் பரணி, மாமியார் சரஸ்வதி, மறுவாழ்வு தரும் யமுனா. குடும்பமே ஆறுகள்தான்!

கதை எங்கே பிறந்தது தெரியுமா? கமல்ஹாசன் வீட்டில் வேலை பார்த்தவர்களே அவருடைய மகளைக் கடத்திப் பணம் கேட்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அது தெரியவந்தபோது எழுந்த பயமும் ஆத்திரமும்தான் இந்தக் கதையாக மாறியது என்று அவரே பல வருஷம் கழித்துச் சொன்னார். கமலோடு சேர்ந்து எழுதியவர் குமுதத்தில் கோலோச்சிய ரா.கி. ரங்கராஜன். அவரும் கும்பகோணத்துக்காரர்! இயக்கியவர், குணாவைத் தந்த சந்தானபாரதி.

கணினியில் அவிட் முறையில் படத்தொகுப்பு செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் இதுதான், தெரியுமா? அதுவரை பிலிமைக் கத்தரித்து ஒட்டித்தான் எடிட்டிங். இதிலோ காட்சிகளைக் கணினிக்குள் ஏற்றி, வேண்டியபடி மாற்றி அடுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் நெகட்டிவில் கை வைத்தார்கள்!

ஒளிப்பதிவாளர் எம்.எஸ். பிரபுவுக்கு இதுதான் முதல் படம். சின்ன வயசு காவேரியாக வந்த சிறுமிதான் பாடகி மகாநதி ஷோபனா. சிறைக்காவலராக வந்து நம்மைப் பதறவைத்தவர் மகாநதி சங்கர். ஒரே படம், ரெண்டு பேருக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்டது!

தேசிய விருதும் ரெண்டு! சிறந்த தமிழ்ப் படம் ஒன்று, சிறந்த ஒலிப்பதிவு இன்னொன்று.

அந்தக் கல்கத்தா காட்சி நினைவிருக்கிறதா? சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் மகளைக் கண்டுபிடிக்கிறார் அப்பா. கூட்டிப்போக விடமாட்டோம் என்கிறார்கள். அப்போது அங்கே அடைபட்டுக் கிடக்கும் பெண்களே தங்கள் காசைப் போட்டு அந்தப் பிள்ளையை மீட்டு அனுப்புகிறார்கள். மீண்டு வந்த காவேரி தூக்கத்தில் பிதற்றுவதைக் கேட்டு அப்பா உடைந்துபோகும் இடத்தில் அழாதவர் யார்?

இவ்வளவு நாசத்துக்கும் ஆரம்பம் எது தெரியுமா? ஒரு சீட்டு கம்பெனி! பங்குதாரரை நம்பினார் கிருஷ்ணா. பணத்தைச் சுருட்டியவன் வெளியே. கம்பி எண்ணியது இவர். படம் வந்து மூன்றே வருஷத்தில், 1997இல், நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களைக் காக்கத் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. சீட்டு நடத்த அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்பதோ 1982ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது!

பருத்தி வித்த காசு, மக்காச்சோளம் போட்ட காசு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசு என்று நம்ம ஊரில் பணம் வரும் நாளைத் தெரிந்துகொண்டே ஆசை காட்ட ஆள் வருவான். பதிவான சீட்டா என்று பதிவுத்துறையில் விசாரித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். வீட்டில் எல்லாரும் சேர்ந்து மகாநதியை ஒரு தடவை பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்பது புரியும்!