உள்ளங்கை அளவு ரப்பரில் ஒரு பந்தயம்

உங்கள் வீட்டுக் கார் ஒரு வளைவில் திரும்பும்போது, அதன் ஒரு டயர் சாலையை எவ்வளவு பரப்பில் தொட்டுக்கொண்டிருக்கும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காரின் எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர்கள், ஒவ்வொன்றின் மீதும் 250 கிலோ; விசையாகச் சொன்னால் சுமார் 2,450 நியூட்டன். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல். பட்டறைக்காரர் மொழியில் 32 பிஎஸ்ஐ. விசையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 111 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் உண்மை அளவு சற்று மாறும். ஆனாலும் அஞ்சலட்டையைவிடச் சிறியதுதான். பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகமெடுப்பது எல்லாம் இந்தச் சின்னஞ்சிறு ரப்பர்த் துண்டுகள் நான்கின் வேலை.

இந்த உண்மையை மிக நன்றாக உணர்ந்தவர்கள் ஆட்டோகிராஸ் ஓட்டுநர்கள். ஆட்டோகிராஸ் என்றதும் பெரிய பந்தயத் தடத்தை நினைத்துவிடாதீர்கள். காலியான கார் நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கி, வளைந்து நெளிந்து செல்லும் பாதை ஒன்றை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஓட்டம் முடிந்துவிடும். குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் 2 விநாடி அபராதம். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் விளையாட்டுச் சங்கம் இதற்குத் தேசியப் போட்டியே நடத்துகிறது. 2009 முதல் அது நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், முன்பு விமானப்படைத் தளமாக இருந்த இடத்தின் கான்கிரீட் தரையில் நடந்துவருகிறது.

அந்தச் சங்கத்தின் விதிகளில் எனக்குப் பிடித்தது ‘ஸ்ட்ரீட்’ பிரிவு. திங்கள் முதல் வெள்ளிவரை வேலைக்கு ஓட்டிப் போகும் அதே காரை ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குக் கொண்டுவரலாம். ரிம்மின் அகலம் தொழிற்சாலை தந்த அளவிலேயே இருக்க வேண்டும். விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். டயரின் ‘டிரெட்வேர்’ எண் 200க்குக் குறையக் கூடாது. பணத்தை அள்ளி வீசி வெல்லவிடாமல் தடுக்கும் வேலிகள் இவை. இந்த வேலிகளுக்குள் நின்று எதைத் தேர்ந்தெடுப்பது? அதே காரில்தான் திங்கட்கிழமை மழையில் தம்பியைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும் என்பதையும் மறக்காமல் யோசியுங்கள்.

முதலில் டயர். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். சாதாரண டயர் ஈர்ப்பு முடுக்கத்தின் 0.85 மடங்குவரை பக்கவாட்டில் பிடித்து நிற்கிறது என்றும், பிடிமானம் கூடிய டயர் 1 மடங்குவரை நிற்கிறது என்றும் கொள்வோம். வட்ட இயக்கச் சூத்திரத்தின்படி முதல் கார் அந்த வளைவில் மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். இரண்டாவது 50 கிலோமீட்டர். வித்தியாசம் வெறும் 4 கிலோமீட்டர்தான். ஆனால் அரைவட்டம் ஒன்றைக் கடக்க முதல் கார் சுமார் 4.9 விநாடியும், இரண்டாவது சுமார் 4.5 விநாடியும் எடுக்கும். இப்படி ஐந்து வளைவு இருந்தால் 2 விநாடி மிச்சம். ஒரு கூம்பைத் தட்டிவிட்டும் சமாளித்துவிடலாம்!

ரப்பருக்கு இந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? திடப்பொருள்களின் உராய்வு பரப்பைச் சார்ந்ததல்ல, அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். மரக்கட்டைக்கு அது ஏறக்குறையச் சரி. ரப்பர் அந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படாது. மென்மையான ரப்பர் தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி இறங்குகிறது. மூலக்கூறு அளவில் கல்லோடு ஒட்டிப் பிரிகிறது. ஒவ்வொரு முறை நசுங்கி மீளும்போதும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. ரப்பர் எவ்வளவு மென்மையோ அவ்வளவு பிடி, அவ்வளவு தேய்மானம். டிரெட்வேர் எண் அந்தத் தேய்மானத்தைக் குறிப்பது. 100 என்ற ஒப்பீட்டு டயரைவிட எத்தனை மடங்கு உழைக்கும் என்பதைச் சொல்லும். ஆனால் அந்த எண்ணைப் பொறிப்பவர் டயரைத் தயாரிப்பவரேதான். அதனால் இரு நிறுவனங்களின் 200-ஐ ஒரே 200 என்று எண்ணிவிடக் கூடாது.

நம் ஊர் டயர் கடைகளில் ‘செமி ஸ்லிக்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த வகையைத்தான். அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சில டயர்கள் பந்தயத் தடத்தில் பல சுற்று ஓடிச் சூடேறிய பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். ஒரு நிமிட ஓட்டத்துக்கு அவை உதவா. முதல் வளைவிலேயே வேலை செய்யும் டயர்தான் ஆட்டோகிராஸுக்கு வேண்டும். மறுபுறம், மதிய வெயிலில் அடுத்தடுத்து ஓடினால் டயர் கொதித்துப் பிடி தளரும். அதனால்தான் ஓட்டத்துக்கு ஓட்டம் சிலர் செடிக்குத் தெளிப்பதுபோல் டயருக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்க்கலாம்.

இனி வளைவில் நடப்பதைக் கவனியுங்கள். கார் இடப்பக்கம் திரும்பினால் எடை வலப்பக்கம் சாய்கிறது. நம் 1,000 கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர். 0.9 மடங்கு முடுக்கத்தில் திரும்பினால் இடம் மாறும் சுமை 1,000 × 0.9 × 0.5 ÷ 1.5, அதாவது 300 கிலோ. இரு பக்கமும் 500, 500 என்று இருந்தது வெளிப்பக்கம் 800, உட்பக்கம் 200 என்று ஆகிவிடும். முன்சக்கர இயக்கக் கார்கள் சில, கம்பத்தருகே காலைத் தூக்கும் நாயைப்போல, உட்பக்கப் பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டே வளைவதும் உண்டு. சிக்கல் என்னவென்றால், ரப்பரின் மீது சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாவதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. வெளிப்பக்க டயர் பெறுவதைவிட உட்பக்க டயர் இழப்பது அதிகம். மொத்தத்தில் நட்டம்.

அந்த நட்டத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று கேம்பர். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை காரை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது எதிர்மறைக் கேம்பர். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயரும் அதோடு சாய்ந்து, ஓர் ஓரத்தில் மட்டும் நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் டயர் நேராகி முழு அகலத்தில் தரையில் படியும். ஆட்டோகிராஸ்காரர்கள் முன்சக்கரத்துக்கு 2, 3 டிகிரிகூடக் கேட்பார்கள். அன்றாடக் காருக்கு அது அதிகம். நேர்ச்சாலையில் உள் ஓரம் மட்டும் தேயும், அவசரப் பிரேக்கில் பிடிமானமும் குறையும்.

ஆனாலும் டயரைத் தின்பதில் பெரிய குற்றவாளி கேம்பர் அல்ல. டோ என்பது என் கருத்து. மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பதுதான் டோ. ஒரு சக்கரம் கால் டிகிரி மட்டும் திரும்பியிருக்கிறது என்போம். 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரில் அது முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. கால் டிகிரியின் சைன் மதிப்பு 0.0044. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே வருகிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் காரானால் 65 கிலோமீட்டர்!

முன்சக்கரங்கள் சிறிது வெளிநோக்கி இருந்தால் ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் கார் திரும்பும். கூம்புகளுக்கிடையே அது வரம். நெடுஞ்சாலையில் கார் அலைபாயும். பின்சக்கரங்களை வெளிநோக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள், வால் சட்டென்று சுழல வேண்டும் என்பதற்காக. மழையில் அந்த வால் நீங்கள் கேட்காமலேயே சுழலும். வீட்டுக் காரில் அதைச் செய்ய வேண்டாம். பின்னால் சிறிது உள்நோக்கியும் முன்னால் சுழியத்துக்கு அருகிலும் வைத்தால் போதும்.

ரிம்மைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, நண்பர்கள் முதலில் பேசுவதே அதைத்தான் என்றாலும். 185/55 ஆர்15 டயரின் பக்கச் சுவர் சுமார் 102 மில்லிமீட்டர் உயரம். 205/40 ஆர்17-க்கு மாறினால் சுவர் 82 மில்லிமீட்டராகும். வளைவில் அது குறைவாக நெளியும். சாலைக் குழியில் விழும்போது ரிம்மைக் காப்பாற்ற 20 மில்லிமீட்டர் குறைவு. டயரின் விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோபோல் இழுக்கும். ஏனென்றால் அது முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டும். பெரிய ரிம் கனமாக இருந்தால் காசு கொடுத்து வேகத்தைக் குறைத்ததாகிவிடும். கையிருப்பு குறைவென்றால் நல்ல டயர், பிறகு அலைன்மென்ட், கடைசியில்தான் ஸ்போர்ட் ரிம்.

செலவே இல்லாத கருவி ஒன்று இருக்கிறது: காற்று. படிவம் 4 இயற்பியலில் வரும் வாயு அழுத்த விதி இங்கே அப்படியே வேலை செய்கிறது. 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ இருந்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் என்னவாகும்? வளிமண்டல அழுத்தம் 14.7-ஐச் சேர்த்து, கெல்வினில் கணக்கிட வேண்டும். விடை சுமார் 36.6. டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்துவிட்டு ஓட்டினால், கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதைப் பார்த்து டயர் எவ்வளவு புரள்கிறது என்று அறியலாம். அதற்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைப்பார்கள்.

சூடான டயரில் காற்றை இறக்கி 32க்குக் கொண்டுவந்தீர்கள். போட்டி முடிந்தது. டயர் ஆறியது. இப்போது உள்ளே இருப்பது சுமார் 28 மட்டுமே. வீட்டுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களைச் சோதித்து ஓர் எளிய சூத்திரம் கண்டார்கள்: டயரின் பள்ளங்களைவிடத் தண்ணீர் ஆழமாக இருந்தால், அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் வரும் வேகத்தில், நாட் கணக்கில், டயர் தரையைவிட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். 32 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு 94 கிலோமீட்டர். 28க்கு 88. நம் நெடுஞ்சாலை வேக வரம்பு 110. சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீட்டர், பள்ளம் குறைவான, வேகமாகத் தேயும் செமி ஸ்லிக் டயர் அந்த அளவுக்குச் சீக்கிரம் இறங்கிவிடும். இதனாலேயே அனுபவசாலிகள் இரண்டு செட் வைத்திருக்கிறார்கள். போட்டி டயரைப் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு வந்து, திடலில் மாற்றி, திரும்பும்போது பழையபடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு செட்டுக்குத்தான் வசதி என்றால் மழைக்கான டயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த 2 விநாடியை விட்டுக்கொடுங்கள்.

இன்று மாலை வீட்டுக் காரின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். டயர் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. நான்கையும் படியுங்கள். நான் எங்கள் காரில் பார்த்தபோது மூன்று டயர் ஒரே வாரத்தில் பிறந்தவை. நான்காவது அவற்றுக்கு இரண்டு வயது அண்ணன்.