கைவின்சின் வலிமை

கூரையின்மேல் சாய்ந்த பெருங்கிளையை வெட்டி அப்படியே விழவிட்டால் கூரை நொறுங்கும். ஆதலால் கிளையைக் கயிற்றால் கட்டி, மரத்தின் உயர்ந்த கவட்டில் பொருத்திய கப்பியின் வழியே சற்றுத் தூக்கி, பின்னர் மெல்ல இறக்குவர். அக்கயிற்றை இழுப்பதற்கு அடிமரத்தில் பிணைத்த வின்ச் உதவுகிறது. அது கையால் சுழற்றும் பாரந்தூக்கி ஆகும்.

வின்சின் கைப்பிடி 30 செ.மீ. நீளமும், கயிறு சுற்றும் உருளை 5 செ.மீ. ஆரமும் உடையன எனக் கொள்வோம். 30 ÷ 5 = 6. கைப்பிடியோடு சுழலும் சிறு சக்கரத்திற்கு 12 பற்கள். உருளையோடு சுழலும் பெருஞ்சக்கரத்திற்கு 48 பற்கள். 48 ÷ 12 = 4. ஆகவே நமது விசை 6 × 4 = 24 மடங்காகப் பெருகும். 10 கிலோவைத் தூக்கும் விசையால் 240 கிலோவைத் தூக்கலாம். உராய்வினால் இவ்வளவு சிறிது குறையும்.

ஆயினும், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை கால் சுற்றே சுழலும். கயிறு ஏறத்தாழ 8 செ.மீ. நகரும். கிளையை 1 மீட்டர் உயர்த்த 13 சுற்றுகள் வேண்டும். விசையில் பெறுவதைத் தொலைவில் இழக்கிறோம்.

மற்றொன்றையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். 150 கிலோ எடையுள்ள கிளை தொங்கும்பொழுது, கப்பியின் இருபுறக் கயிறுகளும் கீழ்நோக்கி இழுக்கும். அதனால் கவட்டின்மீது ஏறத்தாழ 300 கிலோ பாரம் விழும். எனவே கயிறு, கப்பி, கவடு ஆகியவற்றின் வலிமையையும் ஆராய்ந்த பின்னரே பணியைத் தொடங்குவர். அவற்றுள் வலிமை குறைந்தது எதுவோ, அதுவே தூக்கத்தக்க பாரத்தின் எல்லை.

சொற்பொருள்: கவடு – கிளை பிரியும் இடம், உராய்வு – உரசலால் ஏற்படும் தடை.

சிந்தித்து விடை எழுதுக: பெருஞ்சக்கரத்திற்கு 60 பற்கள் இருப்பின், விசை எத்தனை மடங்காகும்?