மலைநகரின் பருவமும் பணியாளர் வாழ்வும்

சுற்றுலா என்றதும் நம் கண்முன் தோன்றுவன மலையும் கடலும் கோயிலுமே. அவற்றை நாடி வருவோருக்காக அறையைத் தூய்மை செய்வோர், அடுப்படியில் நிற்போர், வாடகை மகிழுந்து ஓட்டுவோர், குதிரையைக் கையில் பிடித்துக் காத்திருப்போர் ஆகியோர் நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. ஆயினும், சுற்றுலா ஒரு தொழிலாக நிலைபெற்றிருப்பது இவர்தம் உழைப்பினால்தான்.

தொழிற்சாலை தன் பொருளைக் கிடங்கில் சேர்த்து வைத்து, விலை ஏறும்போது விற்கலாம். விடுதியின் அறையை அவ்வாறு சேர்த்து வைக்க இயலாது. இன்றிரவு எவரும் தங்காத அறையின் வருவாய் இன்றிரவோடு போயிற்று; குதிரைக்காரரின் ஒரு பகற்பொழுதும் அத்தகையதே. கோடையில் இழந்ததை மழைக்காலத்தில் ஈட்டிவிட முடியாது. அரசின் ஒவ்வொரு முடிவும் இத்துறையை உடனே தொடுவதற்குக் காரணம் இதுவே.

விடுதி உரிமையாளர் சங்கங்களும் பயண முகவர் சங்கங்களும் அரசிடம் இடைவிடாது கோரிக்கை வைப்பதையும் இதனால் புரிந்துகொள்ளலாம். சரக்கு மற்றும் சேவை வரி 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, ஒருநாள் வாடகை 7,500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அறைகளுக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. துறையினரின் வலியுறுத்தலுக்குப் பின் 2019இல் அது 18 விழுக்காடாயிற்று. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கை, நெடுநாள் கோரிக்கையான தொழில்துறைத் தகுதியையும் வழங்கியது. இவை தேவையானவையே. எனினும், இவற்றின் பயன் முதலில் சேருமிடம் முதலீடு செய்தவரின் கணக்கேடு. அங்கிருந்து பணியாளரின் ஊதியத்துக்கு அது தானாக வந்து சேருவதில்லை.

நீலகிரியில் இச்சிக்கல் வெளிப்படையாகத் தெரிகிறது. மலைப்பாதைகளில் ஊர்திகள் பெருகியதைக் கருத்தில் கொண்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் ஊர்திகளுக்கு இ-பாஸ் எனப்படும் இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 ஊர்திகள், வார இறுதியில் 8,000 ஊர்திகள் என வரம்பும் விதிக்கப்பட்டது. வணிகர்கள் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏப்ரல், மே மாத வருவாயை நம்பியே ஆண்டு முழுவதையும் கடத்துவோரின் அச்சம் பொய்யானதன்று. மலை தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு என்பதும் பொய்யன்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரம்பு எண்ணுவது ஊர்திகளை, மனிதர்களை அன்று. இருவர் வரும் மகிழுந்தும் ஓர் ஊர்தி. ஐம்பதின்மர் வரும் சுற்றுலாப் பேருந்தும் ஓர் ஊர்தி. அரசுப் பேருந்துக்கோ அனுமதிச்சீட்டே தேவையில்லை. பேருந்திலும் மலை இரயிலிலும் வந்திறங்குவோர் ஊர் சுற்றுவதற்கு உள்ளூர் வாடகை ஊர்தியையே நாடுவர். ஆகவே, கட்டுப்பாட்டோடு போதிய பேருந்துகளும் விடப்பட்டால் உள்ளூர் ஓட்டுநரின் வேலை குறையாது, கூடவும் கூடும். பேருந்துகளைக் கூட்டாமல் வரம்பை மட்டும் விதித்தால் இழப்பு முழுவதும் அவர் தலையில் விழும்.

பருவம் முடிந்ததும் விடுதிகள் ஆள்களைக் குறைக்கின்றன. அடுத்த பருவத்தில் தேர்ந்த பணியாளர் கிடைக்கவில்லை என்று வருந்துகின்றன. சில மாத வேலையை நம்பி ஒருவர் தம் குடும்பத்தை எங்ஙனம் ஓரிடத்தில் நிலைநிறுத்துவார்? விடுதி மேலாண்மை கற்ற இளைஞர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கும் பயணியர் கப்பல்களுக்கும் செல்வதில் வியப்பில்லை. உள்ளூரில் எஞ்சுவோர்க்குத் துணையாக, 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி அமைந்த நல வாரியங்கள் உள்ளன. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் தனி வாரியம் உண்டு. பதிவு செய்தோரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, விபத்து நிவாரணம், முதுமையில் ஓய்வூதியம் ஆகியன இவற்றால் கிடைக்கின்றன. வேலையில்லாத மாதங்களுக்கான ஊதியம் அவ்வுதவிகளுள் இல்லை. சங்கங்களின் கோரிக்கைகளிலும் அது முன்னிடம் பெறவில்லை.