சாலையோரப் பாசி: உறவுக்காரர்கள் இருவர்

கேமரன் மலை – சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி பிரிஞ்சாங் மலைக்கு ஏறும் சாலை போன்ற இடங்களில், வெட்டிவிட்ட மண்மேட்டில் குட்டித் தென்னங்கன்றுகள் போல் நிற்கும் பச்சையைப் பார்த்திருப்பீர்கள். பாசி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குளத்தில் படரும் பச்சைக்கும் இதற்கும் தமிழில் ஒரே பெயர் இருப்பது ஒரு தொல்லைதான். குளத்துப் பாசிக்கு இலையும் தண்டும் கிடையாது; இதற்குச் சிறிய அளவில் இரண்டும் உண்டு.

நம் மலைகளில் இந்த வகையில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் உள்ளன: போகோனாட்டம் சிர்ராட்டம், போகோனாட்டம் நீசியை. 'போகோன்' என்றால் கிரேக்கத்தில் தாடி. விதைபோன்ற தூள் இருக்கும் சிமிழின் மேல் மயிரடர்ந்த தொப்பி இருப்பதால் வந்த பெயர்.

ஈரமாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தபின் பாருங்கள். சிர்ராட்டத்தின் இலைகள் சுருட்டை முடிபோலத் திருகிக்கொள்ளும். லத்தீனில் அந்தப் பெயருக்கே சுருள் என்றுதான் பொருள். நீசியையின் இலைகள் உள்பக்கம் வளைந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். செடியும் பெரும்பாலும் குட்டையாக இருக்கும்.

காரணம் இலைக்குள் இருக்கிறது. இலையின் மேற்புறத்தில் தேயிலை நிரைகள் போல வரிசை வரிசையாகப் பச்சைச் சுவர்கள் நிற்கின்றன. சிர்ராட்டத்தில் அந்தச் சுவர் ஓரிரு செல் உயரம்தான். அதனால் இலை மெல்லியது. நீசியையில் சுவர் பல செல் உயரம். இலை தடித்துத் தெரியும். சுவர்களுக்கு இடையே ஈரக்காற்று தங்குவதால், வெயில் படும் திறந்த மண்மேட்டிலும் அது சமாளிக்கும். சிர்ராட்டத்துக்கு நிழலும் மூடுபனியும் வேண்டும். நிழல் மரத்தை வெட்டினால் முதலில் திணறுவது அதுதான்.

உறுதியாகச் சொல்ல இலையைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி இருந்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அதற்கு ஒரே ஒரு தண்டு போதும்.

ஆர்க்கிட் தொட்டிக்கென்று இந்தப் பாசியைப் பாய்போல உரித்துச் செல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறும் மண்ணில் முதலில் வந்து குடியேறி, நூல்போன்ற வேரிழைகளால் மேல்மண்ணைப் பிடித்து நிற்பவை இவை. உரித்த இடத்தில் அடுத்த மழை நேராக மண்ணில் விழும். மண்சரிவுக்குப் பேர்போன மலை இது.