கிணறு உப்பானது எப்போது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்கள் தவறாமல் விசாரிப்பது ஒன்று உண்டு: ‘இங்கே போர் போட்டால் நல்ல தண்ணி வருமா, உப்புத் தண்ணி வருமா?’ இதே ஊர்களில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வரலாறு எடுக்கட்டுமா என்று கேட்டால், ‘அது சோறு போடுமா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் இரண்டாவது கேள்வியில் ஒதுக்கித் தள்ளிய பாடத்திடம்தான் போக வேண்டும்.

‘எங்க ஊர் தண்ணி அப்படித்தான்’ என்று நினைப்பவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருப்பார். ‘எப்போதிலிருந்து அப்படி?’ என்று ஒருவர் கேட்டுவிட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். அப்படியொரு தேதி இருந்தால், அந்தத் தேதியில் யாரோ ஏதோ முடிவெடுத்திருப்பார்கள். ஏன் எடுத்தார்கள், யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று அடுத்தடுத்துக் கேட்கலாம். நான் வரலாற்றுப் படிப்பு என்று சொல்வது இதைத்தான்.

அந்தத் தேதியைத் தேடிப் போனால் தோல் தொழிலில்தான் போய் நிற்போம். இந்தப் பகுதியில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு, வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுகளுக்கு இப்படிப் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. குரோமியம் உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சோதித்துப் பார்த்தார். ஆனாலும் பட்டையும் கடுக்காயும் வெகுகாலம் நிலைத்திருந்தன.

திருப்பம் 1970களில் வந்தது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு விற்பதை விட, முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும், இங்கே வேலையும் பெருகும் என்று மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு சொன்னது. 1973 முதல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது. அரைப்பதனத் தோலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அது தவறான நோக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். இன்று ஆம்பூரில் காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளத்துக்கு வேர் அந்த முடிவில் இருக்கிறது. ஆனால் முடித்த தோல் என்றால் குரோம் பதனமும், சாயமும், மேலும் மேலும் தண்ணீரும் வேண்டும். கழிவுக்கு என்ன வழி என்பதை அன்றைக்கு யாரும் அதே அக்கறையோடு திட்டமிடவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘குரோமால்தான் கிணறு உப்பானது’ என்று பலர் நம்புகிறார்கள். குரோமியம் பெரும்பாலும் சேற்றிலும் மண்ணிலும் தங்கும். கிணற்றுநீரை உப்பாக்கியதில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு உண்டு. தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டே டேனரிக்கு வரும். முதல் வேலையாக அதை ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியேறும். காரணத்தைப் பிழையாகப் பிடித்தால் தீர்வும் பிழையாகும். குரோமை நிறுத்திவிட்டு உப்புநீரைப் பழையபடியே விட்டால் கிணறு தேறாது.

1991-இல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு டேனரிக் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று தீர்ப்பில் பதிவானது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்த வழக்குக்குப் பெரும்பங்கு உண்டு. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசியது: சேதம் சரியாகும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்றது.

வேலூர்க் கோட்டைப் புரட்சி 1806 ஜூலை 10 என்று நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அதிலும் தோல் இருந்தது: சிப்பாய்களுக்குக் கொடுத்த புதிய தலைப்பாகையில் இருந்த தோல் குஞ்சம் அவர்களின் ஆத்திரத்தைக் கிளறியது. நல்ல பாடம், இருக்கட்டும். ஆனால் தம் வீட்டுக் குழாயைத் தீர்மானித்த 1973-உம் 1996-உம் அதே பிள்ளைகளுக்குத் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிலம் வாங்குகிற இடத்துக்கே வருவோம். வில்லங்கச் சான்று நிலம் யார் யாரிடம் கைமாறியது என்று சொல்லும். அந்த நிலத்தில் என்ன கொட்டினார்கள் என்று சொல்லாது. அதை ஊகிக்க, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலைப் பார்க்க வேண்டும். எந்தப் பசலியில் (வருவாய்த்துறை ஆண்டில்) என்ன பயிர், எப்போதிலிருந்து தரிசு என்று அதில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலையில் தொடங்குவது. பழைய தாள்களைத் தேடுவோருக்கு ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். அதற்கு முன் வேலூர். அதற்கும் முன் வட ஆற்காடு. 1911 வரை வட ஆற்காட்டுக்குத் தலைமையிடம் சித்தூர். வாணியம்பாடியோ அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இது தெரியாதவர் தவறான அலுவலகத்தில் நாள்கணக்கில் நிற்பார்.

பாலாற்றோரம் மனை பார்ப்பவர்கள் 1903 நவம்பர் வெள்ளத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பாலாறு வறண்டே கிடப்பது என்று நம்பியவர்களுக்கு 2021 நவம்பரில் ஆறே வந்து பதில் சொன்னது.

இந்த ஊர்ப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். தெருவிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் ஐந்து விவரங்கள் எழுதுங்கள்: எப்போது வெட்டியது, எத்தனை அடி, எந்த ஆண்டுவரை குடித்தார்கள், சொன்னவர் யார், அவர் வயது என்ன. 1970-க்கு முன் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பாட்டிகள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள். இந்த வருடமே கேட்டுவிட வேண்டும். அந்த நோட்டின் ஒரு பிரதி பள்ளியில் இருக்கட்டும், இன்னொன்று பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகட்டும். நட்டஈடு கேட்டு அடுத்த முறை மனு எழுதும்போது கூடவே இணைக்கலாம்.