தார் போடும் முன்னே சாலையின் நாடி பார்ப்போம்



ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்ததும் வியாபாரிகளாகிய நாம் எழுதும் மனு ஒன்றுதான். சாலை பழுதாகிவிட்டது, புதுத் தார் போட்டுத் தாருங்கள் என்று கேட்கிறோம். கேட்பது நியாயமே. ஆனால் சாலை ஏன் பழுதானது என்று அந்த மனுவில் ஒரு வரியும் இருப்பதில்லை. காரணம் தெரியாமல் போடும் தார் அடுத்த மழைக்கே பெயர்ந்து வருகிறது. ஆகவே முதலில் ஒரு சாலை ஆலோசகரை அமர்த்தி, நம் ஊர்ச் சாலைகளை முறையாக ஆய்வு செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இதில் நம் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. குழிக்குப் பயந்து சரக்கு லாரி முக்கிலேயே நின்றுவிட்டால், மூட்டைகளைக் குட்டி யானையில் மாற்றிக் கொண்டுவர வேண்டும். ஏற்றுகூலியும் இறக்குகூலியும் இரட்டிப்பாகும். உடைந்த முட்டையும் நசுங்கிய தக்காளியும் நம் கணக்கில்தான் சேரும். இவற்றை விலையில் ஏற்றினால் வாடிக்கையாளர் தென்காசிக்கோ கடையநல்லூருக்கோ பஸ் ஏறிவிடுவார்.

அச்சன்புதூர்ப் பகுதிக்கு ஆண்டில் இரண்டு மழை. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வயலும் வாய்க்காலும் ஒட்டிய ஊர் என்பதால் ஓரத்து மண் எளிதில் காய்வதில்லை. வாறுகால் அடைத்தால் தண்ணீர் சாலைக்கு அடியில் இறங்கும். அடிமண் இளகிய பின் மேலே எத்தனை அங்குலம் தார் போட்டாலும் நிற்காது.

ஆலோசகர் செய்ய வேண்டிய வேலைகள் இவை. சாலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து நடந்தே பார்த்து, குழி, வெடிப்பு, சக்கரத் தடப் பள்ளம், ஓர உடைப்பு, நீர் தேக்கம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சில இடங்களில் சோதனைக் குழி வெட்டி, தார், ஜல்லி, கிராவல் ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து, அடிமண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாள் இரவும் பகலும் வண்டிகளை எண்ண வேண்டும். பென்கெல்மன் பீம் என்ற கருவியும் உண்டு. பின் அச்சில் 8,170 கிலோ பாரம் ஏற்றிய லாரி நிற்கும்போது சாலை எவ்வளவு அமுங்கி, லாரி நகர்ந்ததும் எவ்வளவு மீள்கிறது என்பதை அது மில்லிமீட்டர் கணக்கில் காட்டிவிடும். அடிமண் ஈரமாயிருக்கும் மழைமுடிவுக் காலமே இந்தச் சோதனைக்கு ஏற்றது. நமக்கு அது மார்கழி, தை.

இது புதுமையான யோசனை அன்று. 2000-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், வண்டி சிரமமின்றிப் போகும் வேகத்தை வைத்தே சாலைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் 5. பத்துக்கும் கீழே என்றால் 1. இந்த அளவுக்கு ஒரு குட்டி யானையை வைத்து நாமே பார்த்துவிடலாம். அடியில் உள்ள காரணத்தைச் சொல்லத்தான் ஆலோசகர் வேண்டும்.

பாரத்தையும் பேச வேண்டும். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையில், அச்சின் பாரம் இரட்டித்தால் சாலையின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று கண்டார்கள். நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு அனுமதித்த பாரம் 2018-ல் சுமார் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. அதே கணக்கில் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடும். அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றச் சொல்லாதிருப்பது சாலைக்கு நாம் செய்யும் உதவி.

ஆலோசகரை அமர்த்தும்போது நான்கு நிபந்தனைகளை எழுத்தில் வாங்க வேண்டும். ஒன்று, அவர் சாலை ஒப்பந்தக்காரர் எவருடனும் தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும். இரண்டு, எந்தப் பகுதிக்கு ஒட்டுப்போட்டால் போதும், எதற்கு மேல்தார், எதை அடியோடு பெயர்த்துப் போட வேண்டும் என்று தனித்தனியே செலவுக் கணக்குடன் எழுத வேண்டும். மூன்று, வாறுகாலையும் சாலை மட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்பே புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். இல்லையேல் ஒவ்வொரு தாருக்கும் சாலை உயர்ந்து, மழைத்தண்ணீர் நம் கடைக்குள் வரும். நான்கு, அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும்.

முன்னதாக, எந்தத் தெரு பேரூராட்சியுடையது, எது நெடுஞ்சாலைத் துறையுடையது என்று பட்டியலிட வேண்டும். எந்த ஆண்டு போட்டது, எத்தனை கனம், ஒப்பந்தக்காரரின் பராமரிப்புப் பொறுப்பு எதுவரை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பொறுப்புக் காலம் முடியாத சாலைக்குப் புதுச் செலவே வேண்டாம். சாலைக்கு உரிய அலுவலகத்தின் அனுமதியில்லாமல் சோதனைக் குழி வெட்டக் கூடாது என்பதையும் நினைவில் கொள்க.

கட்டண விவரத்தைத் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி போன்றவற்றின் சிவில் துறையிலும் விசாரிக்கலாம். ஆய்வை உள்ளாட்சியே மேற்கொள்ளக் கோருவோம். தேவைப்பட்டால் சங்கமும் ஒரு பங்கு தரட்டும். ஒரு தெருவுக்குத் தார் போடும் செலவோடு பார்த்தால் ஆய்வுச் செலவு சிறிது.

உறுப்பினர்கள் தத்தம் கடை முன்னுள்ள குழி, நீர் தேங்கும் இடம், தேங்கும் நாட்கள் ஆகியவற்றை இந்த மழைக்காலத்திலேயே ஒரு நோட்டில் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆலோசகர் வரும் நாளில் அதுவே அவருக்கு முதல் ஆதாரமாக இருக்கும்.